கருப்பைக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் அண்மையில் வெளிவந்த, கருப்பைக் கட்டி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெண்கள் வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கும் ஒரு தொல்லையை எளிய தமிழில் எழுதியதற்கு என் நன்றி. ஆனால், 'உடலில் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் கட்டி வளர்கிறது. அதைச் சமன்செய்யவே புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுக்கிறார்கள்' என்று அக்கட்டுரை முடிந்த முடிவாகச் சொல்லியிருப்பது, ஆய்வாளர்கள் 1990-களிலேயே ஐயப்படத் தொடங்கிப் பின்னர் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட ஒரு விளக்கம். பாடநூல் திருத்தம் என்ற அளவோடு இது நின்றுவிடுமானால் நான் எழுதியிருக்க மாட்டேன். இந்த ஒற்றை வரியை நம்பித்தான் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெண்கள் பலர் தேவையற்ற ரத்தப் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் கட்டி கரையவில்லையே என்று மனம் நோகிறார்கள். கடைசியில், காரணம் எதுவென்று தெரியாமலேயே கருப்பையை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் மருத்துவர் அல்லள். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். எனவே யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்ல நான் முன்வரவில்லை. ஹார்மோன் ஒரு செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் தகுதி மட்டும் எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் கட்டியைப் பற்றி ஒரு சொல். ஃபைப்ராய்டு என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதப்படுவது கருப்பையின் தசைச் சுவரில் உள்ள ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகி உருவாகும் உருண்டை. ஒரு கருப்பையில் ஐந்து கட்டிகள் இருந்தால், அவை ஒன்றிலிருந்து ஒன்று பரவியவை அல்ல. பெரும்பாலும் தனித்தனிச் செல்களிலிருந்து தனித்தனியாகத் தோன்றியவை. 2011-ஆம் ஆண்டில் பின்லாந்து ஆய்வாளர்கள், இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் எம்.இ.டி.12 என்னும் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டறிந்தார்கள். அது தாயிடமிருந்து மகளுக்கு வருகிற பிழையன்று. வளர்ந்த பெண்ணின் கருப்பையில், அந்த ஒரு செல்லில் மட்டும் நேர்ந்தது. இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. ஃபைப்ராய்டு என்று கருதி அறுவை செய்யப்படுபவற்றில் புற்றாக இருப்பது மிக அரிது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'கட்டி' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஆச்சிமார்கள் முகம் வெளிறிப் போவதை நான் பலமுறை பார்த்திருப்பதுதான்.

இனி ஹார்மோனுக்கு வருகிறேன். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றி வருகின்றன. காதுமடலுக்கும் போகின்றன, கால்விரலுக்கும் போகின்றன. ஆனால் எந்தத் திசுவில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்கிறதோ, அந்தத் திசுவில்தான் அவை வேலை செய்யும். அந்தப் புரதத்தைத்தான் ஏற்பி என்கிறோம். மருத்துவர்கள் ரிசெப்டார் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை உண்டியலை, அதாவது அந்தக் காலத்து வணிகர்களின் பணமாற்றுச் சீட்டை, வைத்துச் சொன்னால் உடனே புரியும். காரைக்குடியில் எழுதிய உண்டியல் இரங்கூன் வரை போனாலும், அங்கே அதை ஏற்றுப் பணம் கொடுக்க ஒரு மேலாள் இருக்கும் கடையில்தான் அதற்கு மதிப்பு. மற்ற இடங்களில் அது வெறும் தாள். எத்தனை உண்டியல் எழுதப்பட்டது என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எந்தக் கடையில் எவ்வளவு பணம் புரண்டது என்று தெரிந்துகொள்ளவே முடியாது.

ஏற்பி என்ற ஒன்று இருப்பதே 1950-களின் இறுதியில்தான் தெரியவந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்னும் வேதியியலாளர், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனைப் பெண் எலிகளுக்குச் செலுத்தி, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். தசையிலும் சிறுநீரகத்திலும் ரத்தத்திலும் அது வந்த வேகத்தில் வெளியேறியது. கருப்பையில் மட்டும் உருமாறாமல் நெடுநேரம் தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்ற முடிவு இயல்பாகவே பிறந்தது. பின்னாளில் அந்தப் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. 1996-இல் சுவீடனில் ஈஸ்ட்ரோஜனுக்கு இரண்டாவது வகை ஏற்பியும் கண்டுபிடிக்கப்பட, முன்னதை ஆல்ஃபா என்றும் பின்னதைப் பீட்டா என்றும் பிரித்து அழைக்கத் தொடங்கினார்கள். புரோஜெஸ்டிரோனுக்கும் ஏ, பி என இரு வடிவ ஏற்பிகள் உண்டு. இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து உருவாகுபவை.

இந்த ஏற்பிகள் செல்லின் வெளிவாசலில் நிற்பவை அல்ல. இவ்விரு ஹார்மோன்களும் கொழுப்பில் கரையும் தன்மையுடையவை. செல்லின் மேலுறையைக் கடந்து தாமாகவே உள்ளே போய்விடும். உள்ளே உட்கருவில் ஏற்பியோடு சேர்ந்ததும் அந்த ஏற்பி வடிவம் மாறி, டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடத்தில் போய் அமர்ந்து, சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை அடக்கும். மேலே சொன்ன எம்.இ.டி.12, இப்படி இயக்கப்படும் மரபணுக்களைப் படியெடுக்க உதவும் பெரிய புரதக் கூட்டத்தின் ஓர் உறுப்பு. மரபணுப் பிழையும் ஹார்மோனும் தனித்தனிக் காரணங்கள் அல்ல, ஒரே இயந்திரத்தின் இரண்டு பகுதிகள் என்று எண்ண இது இடம் தருகிறது.

ஃபைப்ராய்டு உள்ள பெண்ணின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மற்றப் பெண்களைவிட மிகுந்திருப்பதில்லை. பெரும்பாலும் அளவு ஒன்றேதான். மிகுந்திருப்பது கட்டியில் உள்ள ஏற்பிகள். அதே கருப்பையில், கட்டியை ஒட்டி ஒரு விரற்கடை தள்ளியிருக்கும் இயல்பான தசையோடு ஒப்பிட்டால், கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் கூடுதலாகக் காணப்படுகின்றன. போதாக்குறைக்கு, அரோமட்டேஸ் என்னும் நொதியைக் கட்டியே உண்டாக்கிக்கொண்டு, ரத்தத்தில் வரும் வேறு ஹார்மோன்களைத் தனக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளக்கப்படுவதே இல்லை. ஆகவே ஃபைப்ராய்டு என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, 'எதற்கும் ஒரு ஹார்மோன் புரொஃபைல் எடுத்துவிடுங்கள்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவு வைப்பதனால் கட்டியைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை. மிகுந்த உதிரப்போக்குக்குத் தைராய்டு காரணமா என்று பார்ப்பது வேறு, ரத்தச்சோகைக்கு ஹீமோகுளோபின் பார்ப்பது வேறு, அவை வேண்டியவை. ஈஸ்ட்ரோஜன் அளவு 'நார்மல்' என்று அச்சிட்டு வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'அப்படியானால் எனக்கு ஏன் கட்டி வந்தது?' என்று கேட்கும் பெண்ணுக்கு நியாயமான விடை, தாளில் அளந்தது தவறான இடத்தை என்பதுதான்.

நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது புரோஜெஸ்டிரோனைப் பற்றி. தங்கள் கட்டுரை அதனைக் காப்பாளனாகக் காட்டியிருக்கிறது. கருப்பையின் உள்வரிப் படலத்தைப் பொறுத்தவரை அது உண்மையே. மாதந்தோறும் ஈஸ்ட்ரோஜன் அந்தப் படலத்தைத் தடிக்கச் செய்யும். புரோஜெஸ்டிரோன் வந்து அந்தப் பெருக்கத்தை நிறுத்தும். இதைப் பார்த்துப் பழகியவர்கள், தசையில் தோன்றும் கட்டியிலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அறுவையில் எடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மாதச் சுழற்சியின் எந்தப் பகுதியில் செல்கள் மிகுதியாகப் பிரிகின்றன என்று எண்ணிப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஓங்கியிருக்கும் முற்பாதியைவிடப் புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும் பிற்பாதியில்தான் பிரிவு கூடுதலாக இருந்தது.

அடுத்த சான்று மருந்திலிருந்து கிடைத்தது. பிரான்சில் 1980-இல் உருவாக்கப்பட்ட மிஃபெப்ரிஸ்டோன், புரோஜெஸ்டிரோன் ஏற்பியை அடைத்துக்கொண்டு அந்த ஹார்மோனை உள்ளே அமரவிடாமல் தடுப்பது. கருக்கலைப்பு மாத்திரை என்று நம் ஊர் மருந்துக்கடைகளில் அறியப்பட்டதும் இதுவே. 1993-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஃபைப்ராய்டு உள்ள சில பெண்களுக்கு இதைத் தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது, கட்டிகளின் பருமன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அற்றுப்போகவில்லை. மாதச் சுழற்சியின் தொடக்க நாள்களில் இருக்கும் அளவில் இருந்துகொண்டுதான் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தும், புரோஜெஸ்டிரோனின் வழியை மட்டும் அடைத்தால் கட்டி சுருங்குகிறது என்றால், முதன்மைக் குற்றவாளி என்று ஈஸ்ட்ரோஜனை எப்படிச் சொல்வது?

இதை ஐயமற நிறுவிய சோதனை 2010-இல் வெளிவந்தது. மனிதக் கட்டியிலிருந்து எடுத்த செல்களை எலிகளின் சிறுநீரக உறைக்கடியில் பதியம் போட்டு, சினைப்பை நீக்கப்பட்ட அந்த எலிகளுக்கு ஹார்மோன்களை ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தபோது பதியம் வளரவில்லை. புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ந்தது. ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்ததும் அந்த வளர்ச்சி தடைப்பட்டது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜனுக்கு என்ன வேலை? அதன் முக்கிய வேலை, தன் ஏற்பியின் வழியாகப் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்கும் மரபணுவை இயக்குவது. ஈஸ்ட்ரோஜன் இல்லையேல் புரோஜெஸ்டிரோனைப் பிடிக்க ஏற்பி இருக்காது. ஏற்பி இல்லையேல் புரோஜெஸ்டிரோன் வந்தும் பயனில்லை. ஏற்பி உண்டான பின் புரோஜெஸ்டிரோன் வந்து அமர்ந்ததும், செல் பிரிகிறது, பருக்கிறது, இயல்பாக மடியவேண்டிய செல் மடியாமல் காக்கும் பி.சி.எல்.2 என்னும் புரதம் கூடுகிறது, செல்களுக்கிடையே கொலாஜன் நார் படிகிறது. கட்டியைக் கத்தியால் வெட்டினால் ரப்பர் போலக் கெட்டியாக இருப்பதற்கு இந்த நார்தான் காரணம். பழைய பெரிய கட்டிகளில் செல்லைவிட நாரே மிகுதி.

கட்டியின் மூலச்செல்களில் இவ்விரு ஏற்பிகளும் மிகக் குறைவு என்பது இதைவிட வியப்பானது. பெருகும் ஆற்றல் அவற்றிடம்தான் இருக்கிறது. ஹார்மோனைக் கேட்கும் காதோ சுற்றியுள்ள முதிர்ந்த செல்களிடம் இருக்கிறது. முதிர்ந்த செல் ஹார்மோனைப் பெற்றுக்கொண்டு, வேறு சில புரதங்களைச் சுரந்து, அடுத்திருக்கும் மூலச்செல்லுக்கு 'பெருகு' என்று சொல்லி அனுப்புகிறது. மருந்தை நிறுத்தியதும் கட்டி மீண்டும் தலைதூக்குவது ஏன் என்பதற்கு, ஏற்பி குறைந்த இந்த மூலச்செல்கள் மருந்துக்குத் தப்பி எஞ்சியிருப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இனி நம் மருந்துக்கடைக்கு வருவோம். மிகுந்த உதிரப்போக்கோடு வரும் பெண்ணுக்கு நோரெதிஸ்டிரோன் மாத்திரை எழுதிக் கொடுப்பது காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அன்றாட வழக்கம். அது புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் பொருள். உள்வரிப் படலத்தின் ஏற்பியில் அமர்ந்து, படலத்தை நிலைப்படுத்தி, உதிரப்போக்கை நிறுத்தும். அவசரத்துக்கு அது நல்ல மருந்து. எழுதிக் கொடுக்கும் மருத்துவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது கட்டியைக் கரைக்கும் மாத்திரை அன்று. கட்டியின் தசைச் செல்லில் அதே ஏற்பி அதே பொருளைப் பெற்றுக்கொண்டு வளர்ச்சிக்குத் துணைபோகவும் கூடும். உதிரம் நின்றதைக் கட்டி கரைந்ததாக எடுத்துக்கொண்டு, தாமாகவே பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் பெண்களை நான் அறிவேன். தங்கள் கட்டுரையில் உள்ள 'சமன்செய்யும்' என்ற சொல் அந்தப் பழக்கத்துக்கு உரமிட்டுவிடும் என்பதே என் கவலை. கருப்பைக்குள் வைக்கப்படும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் கசியும் சாதனமும் இத்தகையதே: உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும், கட்டியைச் சுருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்துக்கோ இந்த ஏற்பிகளோடு தொடர்பே கிடையாது. அது ரத்தம் உறைந்தது கரையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

மேலிருந்தே அடைக்கும் வழியும் உண்டு. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையை நிறுத்தும் லியூப்ரோலைடு போன்ற ஊசிகளைப் போட்டால் இரண்டு ஹார்மோன்களும் அடங்கி, மூன்று மாதத்தில் கட்டி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சுருங்குவதைக் காணலாம். அறுவைக்கு முன் கட்டியைச் சிறிதாக்கவும், அதற்குள் ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்ளவும் இது பயன்படுகிறது. ஆனால் எலும்பு தேயும். உடம்பெல்லாம் தீப்பற்றியதுபோல் எரியும். ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் கட்டி பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அந்த ஊசியோடு, புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் மாத்திரையையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், கட்டி சுருங்கும் பயன் குன்றிப்போனது என்பதும் மேலே சொன்னதற்கு ஒத்து வருகிறது. அண்மைக் காலத்தில் வாய்வழி உட்கொள்ளும் எலகோலிக்ஸ் 2020-இலும், ரெலுகோலிக்ஸ் 2021-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எலும்பைக் காக்கச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் அவற்றோடு சேர்த்தே தருகிறார்கள், காலமும் இரண்டாண்டு என்று வரையறுத்திருக்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் ஏற்பியையே குறிவைத்து ஐரோப்பாவில் 2012-இல் வந்த யூலிப்ரிஸ்டல் மாத்திரை பெரும் நம்பிக்கையைத் தந்தது; பின்னர் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால், 2020-இல் அதன் பயன்பாட்டுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு விதித்துவிட்டார்கள். ஏற்பியை அடைப்பது அறிவியலில் சரியான வழியாக இருந்தும், மருந்தாக முழுவெற்றி பெறவில்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஒரே மருந்து ஒரு திசுவில் அடைப்பானாகவும் மற்றொரு திசுவில் தூண்டியாகவும் இருப்பதற்கு டமாக்சிஃபென் கண்கூடான எடுத்துக்காட்டு. மார்பகப் புற்றுக்காக அதை ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் சாப்பிடும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்துப் புற்றைத் தடுக்கிறது. கருப்பையில் அதே ஏற்பியில் அமர்ந்து ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொண்டு, படலத்தைத் தடிக்கச் செய்வதும் உண்டு, ஃபைப்ராய்டைப் பெருக்குவதும் உண்டு. அதனால் அம்மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது.

ஏற்பியைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு, 2008-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் காரணம். 72 பெண்களிடம் இருந்த 262 கட்டிகளை எம்.ஆர்.ஐ. மூலம் காலமுறைப்படி அளந்தார்கள். ஆறு மாதத்தில் கட்டிகளின் வளர்ச்சி, நடுமதிப்பில் 9 விழுக்காடு. ஆனால் அந்த நடுமதிப்பு பெரிய செய்தி அன்று. சில கட்டிகள் அதே காலத்தில் இரு மடங்குக்கும் மேலாகப் பெருத்தன. சில, தாமாகவே பெரும்பங்கு சுருங்கின. ஒரே பெண்ணின் கருப்பையில், ஒரே ரத்தத்தில் நனைந்துகொண்டு, ஒரு கட்டி வளர அதன் பக்கத்துக் கட்டி சுருங்கியதையும் கண்டார்கள். ரத்தத்து ஹார்மோன்தான் எல்லாம் என்றால் இது நடக்க வழியில்லை. ஒவ்வொரு கட்டியும் தனக்கு எத்தனை ஏற்பி, தனக்கு எவ்வளவு நார், தனக்கு எந்த மரபணுப் பிழை என்ற கணக்கில் தன்போக்கில் நடக்கிறது. 'மூன்று சென்டிமீட்டர் இருக்கிறது, இப்போதே எடுத்துவிடாவிட்டால் பூசணிக்காய் அளவு ஆகிவிடும்' என்று எவரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் ஸ்கேன் பார்த்துத்தான் அந்தக் கட்டியின் குணத்தை அறியமுடியும். மாதவிலக்கு நின்றபின் இரண்டு ஹார்மோன்களும் வற்றிப்போவதால் பெரும்பாலான கட்டிகள் சுருங்கிவிடும் என்பதையும் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் யாராவது சொல்லவேண்டும். மாதவிலக்கு நின்ற பின்னும் வளர்ந்தால்தான் கூடுதல் கவலைக்கு இடம்.

சமையலறையைப் பற்றியும் தங்கள் கட்டுரை ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் ஃபைப்ராய்டு வரும் என்பதற்கும் சான்றில்லை, வராது என்பதற்கும் சான்றில்லை; அது நல்ல உணவு, அவ்வளவுதான். பிராய்லர் கோழியைச் சாப்பிட்டதால் கட்டி வந்தது என்று கைபேசியில் சுற்றும் செய்திகளுக்கும் இதே பதில். உடற்பருமன் மட்டும் உண்மையிலேயே தொடர்புடையது. கொழுப்புத் திசுவிலும் அரோமட்டேஸ் இருப்பதால், அங்கேயும் ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எங்கள் பகுதியில் நடப்பது வேறு. இரண்டு பிள்ளை பெற்று, நாற்பதைத் தொட்ட ஒரு பெண் ஸ்கேன் அறிக்கையோடு போனால், கட்டி கருப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா, தசைக்குள் புதைந்திருக்கிறதா, வெளிப்புறம் தொங்குகிறதா என்பதை யாரும் அவளுக்கு விளக்குவதில்லை. உட்குழிக்குள் நீட்டிய சிறு கட்டி ஆறாய் உதிரத்தைக் கொட்டச் செய்யும். வெளிப்புறம் தொங்கும் பெரிய கட்டி உதிரப்போக்கே இல்லாமல் பல்லாண்டு இருந்துவிடும். அளவைவிட இடமே முக்கியம். முன்னதை வயிற்றைக் கிழிக்காமல், கருப்பைவாய் வழியாகக் கருவி செலுத்தியே எடுத்துவிடலாம். ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைப் பட்டினி போடும் முறையும், பிரான்சில் 1995-இல் வெளியிடப்பட்ட நாள் முதல், பெரிய நகரங்களில் செய்யப்பட்டு வருகிறது. இவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், 'பிள்ளைதான் பெற்றாயிற்றே, இனி அந்தப் பை எதற்கு?' என்று கேட்கும் குரல் மருத்துவமனையில் மட்டுமல்ல, சொந்த வீட்டு வளவிலும் கேட்கிறது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மேற்கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் ஆணையிட்டிருக்கிறது. கருப்பை நீக்கம் சிலருக்கு உண்மையில் விடுதலைதான், அதை மறுக்கவில்லை. நன்றாக இருக்கும் சினைப்பையையும் 'கையோடு' எடுத்துவிட்டால், அந்தப் பெண் அன்றிரவே முதுமைக்குள் நுழைகிறாள் என்பதையும், எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும் என்பதையும், கையெழுத்து வாங்குமுன் சொல்லியாகவேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு பிழையையும் பார்க்கிறேன். பெரும்பாடு என்னும் மிகுந்த உதிரப்போக்கு பெண்பிறவிக்கு இயல்பு என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் உதிரம் கொட்டக் கொட்டப் பொறுத்துக்கொண்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தச்சோகை. அத்தனைக்கும் ஃபைப்ராய்டு காரணம் ஆகாது; ஆனால் மாதாமாதம் உதிரம் உறைந்து கட்டிகட்டியாகப் போவதைச் சொல்ல வெட்கப்பட்டு, இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொண்டவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கவே செய்வார்கள்.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர் ஒருவரைக் கொண்டு மற்றொரு கட்டுரை எழுதச் செய்யுங்கள். அதில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் பங்கு சொல்லப்படட்டும். நோரெதிஸ்டிரோன் எதற்கு, எத்தனை நாள், யார் சாப்பிடக் கூடாது என்பது தெளிவாக இருக்கட்டும். மிஃபெப்ரிஸ்டோனைப் பற்றி எழுதினால், அதை மருத்துவர் மேற்பார்வையின்றிக் கடையில் வாங்கக் கூடாது என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் கடைக்குப் போய்விடக் கூடாது. ஸ்கேன் அறிக்கையில் வரும் ஆங்கிலச் சொற்கள், கட்டியின் இடத்தைக் குறிப்பவை, ஒரு படத்தோடு தமிழில் விளக்கப்பட்டால், எங்கள் ஊர்ப் பெண்கள் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டுதான் அடுத்தமுறை மருத்துவரிடம் போவார்கள். எங்கள் பகுதி மருத்துவர்களுக்கும் அதே பக்கத்தில் இடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு நூறு நோயாளிகளைப் பார்க்கும் அரசு மருத்துவமனை மருத்துவருக்கு ஒவ்வொருவரிடமும் ஏற்பியைப் பற்றிப் பாடம் நடத்த நேரம் ஏது என்ற அவர்கள் பக்கத்து நியாயமும் அச்சில் வரவேண்டும். மருத்துவக் கட்டுரைகளை அச்சேற்றும் முன் அத்துறையினர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கும் ஏற்பாடு தங்கள் அலுவலகத்தில் இருக்குமானால், இந்தக் கடிதத்தையும் அவரிடம் காட்டி, பிழை இருப்பின் திருத்தியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை,
காரைக்குடி.